கடுக்காய் மணக்கும் அலமாரி

வீட்டுக்குப் பழைய மரச்சாமான் ஏன் வாங்க வேண்டும் என்று ஒரு பெண் வீடியோவில் பேசுவதை மருமகள் எனக்குக் காட்டினாள். பார்க்க அழகு, நாளாக ஆக விலை ஏறும், உளுத்துப் போகாது என்று அந்தப் பெண் அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாம் சரிதான். நான் வாங்கிய காரணம் மட்டும் அதில் இல்லை.

நான் கூலிக்காரர் வீட்டுப் பெண். நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டில் பழசு என்று இருந்தது அப்பாவின் மண்வெட்டிதான். அதற்கும் பிடியை மாற்றி, இலையையும் மாற்றியாகிவிட்டது. டீச்சர் வேலை இருந்ததால் வடக்கனந்தலில் வசதியான குடும்பத்தில் கட்டிக்கொண்டார்கள். கொழுந்தன் மனைவி சீராக ஆளுயர இரும்பு பீரோ கொண்டுவந்தாள். நான் தகரப் பெட்டியோடு போனேன். யாரும் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பொருள் நிற்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

அப்போது வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வேலை. அங்கே சொந்தக்காரர் இறந்துபோன ஒரு பழைய பங்களாவை இடித்தபோது இந்த அலமாரி விலைக்கு வந்தது. கதவைத் திறந்தால் கடுக்காய் வாசனை. மலையில் பொறுக்கியதையெல்லாம் அதில்தான் கொட்டி வைத்திருந்தார்களாம். ஜீப்மேல் கட்டி மலைப்பாதையில் இறக்கினேன். வளைவுக்கு வளைவு நான் செய்த ஜெபத்தை ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூடச் செய்ததில்லை.

வாசலில் மாமியார் மறித்தார்.

"செத்தவன் சாமான வூட்டுக்குள்ள கொணாந்துகினு வர்றியே, இன்னா பொண்ணும்மா நீ?"

உபதேசியார் வந்து ஜெபம் செய்த பிறகுதான் உள்ளே விட்டார். அந்த உபதேசியாரோ ஆமென் சொன்ன கையோடு கதவைத் தட்டிப் பார்த்து, தனக்கும் இதுபோல ஒன்று கிடைக்குமா என்று விசாரித்தார். மாமியார் மட்டும் ஒரு கைக்குட்டைகூட அதில் வைக்கவில்லை.

பிறகு எல்லோருமாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனோம். கயிறு பிடித்துக் கதவை அளந்தவர்கள் மாடிப்படித் திருப்பத்தை அளக்க மறந்துவிட்டார்கள். இரும்பு பீரோ திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. தெருவே கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லியும் மேலே ஏறவில்லை. கடைசியில் அதைப் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தினார்கள். என் அலமாரியில் ஆணியே கிடையாது, எல்லாம் ஆப்பு. தட்டிக் கழற்றி, பலகை பலகையாக மேலே கொண்டுபோய்ப் பூட்டினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே மாமியார் தன் கல்யாணப் புடவையோடு வந்து நின்றார்.

"மேல்தட்டு எனக்கு," என்றார்.

அதோடு விட்டாரா? வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்: "எங்க மாமனார் காலத்து அலமாரிங்க இது. இந்த மாதிரி மரம் இப்ப எங்க கெடைக்குது?" நான் காபியை நீட்டிக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டுவேன். ஜெயித்தவள் வாயைத் திறப்பானேன்?

இன்று அந்தப் பங்களா இல்லை. ஜீப்காரர் இல்லை. எல்லாம் தெரிந்தும் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இல்லை. வாசலில் மறித்த மாமியாரும் இல்லை. கொழுந்தனும் அந்த இரும்பு பீரோக்காரியும் இல்லை. போன வாரம் என் பேத்தி தன் சிநேகிதியை அழைத்துவந்து, "எங்க எள்ளுத்தாத்தா அலமாரி, தொட்டுப் பாரு," என்றாள். கூலிக்காரர் மகள் தன் சம்பளத்தில் ஒரு பரம்பரையை வாங்கி ஜீப்பில் ஏற்றி வந்த கதை இனி எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.