பெரிய ரபியின் நினைவு நாளில் நான் சொன்ன பொய்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா ஒரு யூத வேதபாடசாலையில் குசினி வேலை செய்தார். லா சப்பலில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து மெத்ரோவில் நான்கு தரிப்பு. ஹசிதிய யூதர்களின் அந்தப் பாடசாலைக்குத் தலைவராகவும் மதகுருவாகவும் இருந்த பெரிய ரபி இறந்து ஓராண்டு நிறைந்தபோது, நினைவு நாளுக்கு அப்பாவையும் அழைத்திருந்தார்கள். அம்மாவைப் பொறுத்தவரை அது ஆண்டுத் திவசம். வெறுங்கையோடு போவதாவது! அவர்களின் உணவு விதிகளின்படி எங்கள் சமையல் அங்கே செல்லாது என்பதால், ரூ காய் என்ற எங்கள் கடைத்தெருவில் தோடம்பழம் வாங்கித் தந்தாள். அப்பாவின் பிரெஞ்சு பாத்திரம் கழுவ மட்டுமே போதும். ஆகவே மொழிபெயர்க்க நானும் போனேன்.

நீண்ட மேசை, அதில் ஒரு மெழுகுவர்த்தி, சுற்றிவரக் கறுப்புக் கோட்டுகள். ஒவ்வொருவராக எழுந்து, ரபி தமக்குச் சொன்ன நல்ல வார்த்தை ஒன்றை நினைவுகூர்ந்தார்கள். பிறகு தாடி நரைத்த ஓர் ஆசிரியர் அப்பாவையும் பேசச் சொன்னார். வாசலில் தந்த இரவல் தொப்பி விழாமல் ஒரு கையால் பிடித்தபடி அப்பா எழுந்தார்.

"வன்னியில என்ரை அண்ணை செத்துப்போனார் எண்டு அறிஞ்ச அண்டைக்கும் நான் வேலைக்கு வந்தனான். கிழங்கு சீவிக்கொண்டு அழுதனான். ரபி உள்ளுக்கு வந்து எனக்குப் பக்கத்தில நிலத்தில இருந்தார். அவ்வளவு பெரிய மனிசன்! ஒரு மணித்தியாலம் இருந்தார். ஒண்டும் கதைக்கேல்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மற்றவர்களிடம் அத்தனை பேசிய ரபி, எங்களிடம் மட்டும் ஊமையாக இருந்தாரா? பிரெஞ்சில் சொல்லும்போது என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தேன். 'அழாதே, உன் அண்ணன் சொர்க்கத்தில் இருக்கிறார்' என்று ரபி ஆறுதல் சொன்னாராம்.

ஆசிரியரின் நெற்றி சுருங்கியது. "ரபியா முதலில் பேசினார்?" என்று கேட்டார்.

அந்த அளவு பிரெஞ்சு அப்பாவுக்கு விளங்கியது. "இல்லை, இல்லை, கதைக்கேல்லை. நீ என்ன பிள்ளை சொன்னனி?"

காது சுட, உண்மையைச் சொன்னேன். ரபி நிலத்தில் இருந்தார், பேசவேயில்லை, மற்றதெல்லாம் நான் சேர்த்தது. ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். ஒருவரும் ஏசவில்லை. ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அதுதான் எங்கள் ரபி" என்றார். யாரோ பாடத் தொடங்க, எல்லாரும் மேசையில் தாளம் தட்டினார்கள். ஒருவர் அப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டார். எனக்கு இரண்டு துண்டு தேன் கேக் கிடைத்தது.

துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை, பக்கத்தில் வந்து இருப்பவர் பேசக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். இது எனக்குத் தெரியவந்தது வளர்ந்த பிறகுதான். அன்றைக்கோ, பொய்யை ஒத்துக்கொண்டதற்குத்தான் கேக் தந்தார்கள் என்று முழுமனதாக நம்பினேன். திரும்பி வரும்போது மெத்ரோவில், அப்பாவின் பங்கையும் கேட்டு வாங்கித் தின்றேன்.