தாழிட்ட கதவுக்கு வெளியே

திருவொற்றியூரில் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, எழுந்து பேசச் சொன்னாலே எனக்குப் பயம். வாய்மொழித் தேர்வன்று கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை மட்டும் வரும் கவுன்சலிங் மிஸ் தேடி வந்தார். ஒல்லியான உருவம், தோளில் துணிப்பை. யாரையும் நேருக்கு நேர் பார்க்காமல், பக்கத்தில் நின்றே பேசுவார். அன்று கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வெளிய வராட்டி பரவால்ல. நானும் இங்கயே குந்திகினு கீறேன்.”

“அல்லாரும் சிரிப்பாங்க மிஸ்.”

“சிரிப்பாங்கதான். எனுக்கும் பயமா கீது. உங்க ஹெச்.எம். கிட்ட போயி, உனுக்குத் தனியா டெஸ்ட் வெக்கச் சொல்லணும்ல?”

கதவைத் திறந்தேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையால் என்னைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். திக்கித் திணறிக் கேட்டு அனுமதி வாங்கினார். மறுநாள் ஒரே ஓர் ஆசிரியை முன்னால் பேசித் தேறினேன்.

உண்மையிலேயே பயந்தாரா, எனக்காக நடுங்குவதுபோல் நடித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.