பித்தளைத் தகட்டில் பத்துப் பொட்டு

எங்கள் கிணற்றடியில் ஒரு படகு இன்ஜின் இருந்தது. வடக்கனந்தலிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் மாறி மாறிப் போய் அரை நாள் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடலூர் துறைமுகத்தில் பழைய படகு ஒன்றை உடைத்துக்கொண்டிருந்த இடத்தில் அப்பா அதை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, பெல்ட் மாட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தார். ஊரே சிரித்தது. கப்பல்காரர் வூடு எது என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயரில் கோபம் கிடையாது. உள்ளூரப் பெருமைதான் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் கடலைப் பார்த்தது அந்த ஒரே தடவைதான். வேட்டி நனைய முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாராம். அதை ஆயிரம் முறை சொல்லியிருப்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது இன்ஜினுக்குள் ஏதோ ஒரு பாகம் உடைந்து ஓட்டம் நின்றுபோனது. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த மெக்கானிக் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“செஞ்ச கம்பெனி பேரு தெரிஞ்சாதாங்க ஸ்பேர் கெடைக்கும். இது இன்னா இன்ஜின்னே தெரியலயே.”

பெயர் இல்லாமல் இல்லை. இன்ஜினின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு இருந்தது. கடல் உப்பு பாதியைத் தின்றுவிட்டிருந்தாலும், சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரியும். இங்கிலீஷ். அப்பா ஐந்தாவதோடு நின்றவர், எனக்கோ இங்கிலீஷ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. படிக்கத் தெரிந்த ஹைஸ்கூல் வாத்தியார் காலாண்டு லீவுக்குத் திருக்கோவிலூர் போயிருந்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்துவிடுவார் என்றார்கள்.

அப்பா நாள் எண்ணிக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் மலைப்பக்கம் வெயில் இறங்கும்போது இன்ஜின் பக்கத்தில் குந்திக்கொண்டு, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவுவார். நானும் பக்கத்தில் குந்திக்கொள்வேன்.

“பேரு மட்டும் தெரியட்டும் பாப்பா, ஒரு லெட்டர் போட்டுரலாம். நீங்க செஞ்ச இன்ஜின் இங்க எங்க கெணத்துல கீதுன்னு எழுதுனா, அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும் இல்ல?”

ஸ்பேர் கேட்கத்தானே லெட்டர் என்று எனக்குக் குழப்பம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அம்மா குத்துவிளக்குகளை என்னிடம் கொடுத்தாள். புளியும் செங்கல் தூளும் போட்டு விளக்குத் தேய்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தேய்த்து முடித்துப் பார்த்தால், விளக்கெல்லாம் பளபளக்கிறது, இன்ஜின் தகடு மட்டும் கறுத்துக்கிடக்கிறது. நாளைக்குச் சாமி கும்பிடப் போகிறோம், இது என்ன அசிங்கம் என்று பட்டது. அப்பா பொரிகடலை வாங்கப் போயிருந்தார், அம்மா வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கை எரிய எரியத் தேய்த்தேன். கடைசியில் அதில் என் முகம் தெரிந்தது. பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அப்பா வந்து சைக்கிளை நிறுத்தினார். தகட்டைப் பார்த்தார். குனிந்து இந்தப் பக்கமாகப் பார்த்தார், அந்தப் பக்கமாகப் பார்த்தார். வழக்கம்போல் விரலால் தடவினார். நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா தேச்சிகீற பாப்பா” என்றார். பிறகு வாய்க்கால் வரப்பில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் மிதித்த களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் பூஜையில், எல்லோரும் மூன்று பொட்டு வைத்தால் அப்பா தகட்டுக்குப் பத்து வைத்தார். நாலு, ஒரு இடைவெளி, ஆறு. அதற்கு மறுநாள் வாத்தியார் வந்து, குங்குமத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்து, “இதுல ஒண்ணுமே இல்லீங்களே” என்றார்.

“உப்பு தின்னுட்சி சார். வரும்போதே அப்டித்தான் இருந்துது.”

நான் இவ்வளவு தேய்த்திருக்கிறேன், அதை ஒரு வார்த்தை வாத்தியாரிடம் சொல்லக்கூடாதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்ஜின் பிறகு ஓடவே இல்லை. கரண்ட் மோட்டார் வந்தது. பழைய இரும்புக்காரர்கள் கேட்டு வந்தபோதெல்லாம் அப்பா அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தகட்டைத் தேய்ப்பது நான், பொட்டு வைப்பது அவர்.

இப்போது அப்பா இல்லை. இன்ஜின் இருக்கிறது. ஆபீஸ் விட்டு வந்ததும் நான் கம்ப்யூட்டரில் அதன் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய படகு இன்ஜின்களைச் செய்தவர்களைத் தேடுவதையே வேலையாக வைத்திருக்கும் மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்களில் ஒருவர், ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பெரியவர், நான் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துவிட்டு எழுதினார். இது பெரிய கம்பெனி இல்லை, ஆற்றங்கரைப் பட்டறைகளில் அப்பன் பிள்ளையாகச் சேர்ந்து பத்து இருபது இன்ஜின் செய்துவிட்டுக் காணாமல் போனவர்களில் யாரோ. அப்படிப்பட்ட பெயர்களின் நீளமான பட்டியல் ஒன்று தன்னிடம் இருக்கிறது. தகட்டில் என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை, நான்தான் தேய்த்து அழித்தேன் என்று வெட்கத்தை விட்டு எழுதினேன். எத்தனை எழுத்து என்றாவது நினைவிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று பதில் போட்டேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜையன்று என் ஸ்கூட்டிக்கு மூன்று பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தவள், குங்குமக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அன்றைக்கே எழுதினேன். நாலு, ஆறு. பட்டியலில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சின. இரண்டு பட்டறையும் இன்று இல்லையாம், ஆட்களும் இல்லையாம். லெட்டர் போட விலாசம் இல்லை. அப்பாவிடம் சொல்லவும் வழியில்லை. சொல்ல முடியவில்லையே என்பதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

நாலாவது படிக்கும்போது ஒரு பூஜையில், அப்பாவுக்கு அழகாகப் பொட்டு வைக்கத் தெரியவில்லை என்று, அவர் வைத்த பத்தையும் துடைத்துவிட்டு நான் பெரிதாக மூன்று வைத்தேன். அப்பா திட்டவில்லை. துண்டு நுனியால் என் மூன்றையும் துடைத்தார். தகட்டின் ஓரத்திலிருந்து விரலால் இடத்தை அளந்து, குங்குமத்தைத் தொட்டு, உதடு அசைய, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டேன்.