நாலாம் நம்பர் ஷாஃப்ட்

தோல் பதனிடும் எங்கள் ஆம்பூர் டேனரியில் ஃபிட்டர் செங்கல்வராயனிடம் அடி வாங்காத ஹெல்பர் கிடையாது. ஸ்பேனரை நீட்டக் கொஞ்சம் தாமதமானால் கன்னத்தில் அறை விழும். ஒருமுறை என் பல்லே ஆடிப்போனது. குடியாத்தத்தில் தறி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அத்தனை கோபம் எங்கிருந்து வந்ததோ! ஆனால் பேரிங் விஷயத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஓடுகிற மெஷினில் இரும்புக் கம்பியை ஊன்றிக் காதில் வைப்பான். எந்த பேரிங் போயிற்று என்று சொல்லிவிடுவான். பதினைந்து வருஷம் அவன் சொன்னதுதான் சட்டம்.

எண்பத்து மூன்றில் மெட்ராஸிலிருந்து ராமமூர்த்தி என்ற இன்ஜினியர், அதிர்வை அளக்கும் ஊசிப் பெட்டியோடு வந்தார். தோல் உருட்டும் டிரம்களில் மூன்றையும் நாலையும் சுழற்றும் ஷாஃப்டுகள் இரண்டும் ஒரே உத்தரத்தின் மேல் இருந்தன. இரண்டும் தடதடத்தன. செங்கல்வராயன் மூன்றைக் கை காட்டினான். ராமமூர்த்தி பெட்டியை இரண்டிலும் வைத்துப் பார்த்தார். ஊசி ஒரே அளவு ஏறியது.

"ஒண்ணோட ஆட்டம் உத்தரம் வழியா இன்னொண்ணுக்குப் போகுது. நாலாம் நம்பரை அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. மூணுல ஊசி இறங்கினா கோளாறு நாலுலதான்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று அவர் மூக்கில் குத்தினான் செங்கல்வராயன். சட்டையெல்லாம் ரத்தம். அவர் வாசல் வரை போய், அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கல்வராயன் மூன்றை நிறுத்தி பேரிங்கைக் கழற்ற ஆரம்பித்தான். ஓடிக்கொண்டிருந்த நாலுக்கு கிரீஸ் வைக்க என்னை அனுப்பினான். பேரிங் மேல் கை வைத்தேன். ஆட்டம் துளிகூடக் குறையவில்லை.

"அண்ணே, மூணு நின்ன பிறகும் நாலு ஆடுதுண்ணே!"

"மூடிக்கினு வேலையப் பாருடா!"

அடிக்குப் பயந்து வேலையைப் பார்த்தேன். பேரிங் வெடித்தது. ஷாஃப்ட் துள்ளியதில் அறுந்த பெல்ட் என் வலது கையைச் சுற்றி இழுத்தது. முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. செங்கல்வராயன்தான் ஓடிவந்து என்னைப் பிய்த்து எடுத்தான். கை வரவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு நாலாம் நாள் வந்தான். கட்டிலருகே குனிந்தவனை இடது கையால் ஓங்கி அறைந்தேன். மறுபடியும் அறைந்தேன். உதடு கிழிந்தும் அவன் நகரவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"அந்த மூணாம் நம்பர் பேரிங்கு இன்னாண்ணே ஆச்சி? கழட்டிப் பாத்தியே?"

"ஒரு கீறல் இல்லடா."

"அப்ப நான் கத்துனப்போ உனக்குத் தெரியலையா?"

கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"தெரிஞ்சுது ராஜவேலு. நீ சொன்ன ஒடனே தெரிஞ்சிபோச்சி. ஆனா அந்தாளு வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தான்டா."