எல்லா வரியும் தோருன் பேரில்

தோருன் ஹெல்லாந்துக்குப் பிறர் கண்ணில் படுவது பிடிக்காது. நார்வேயின் பெர்கன் நகரில் அது பெரிய குறையல்ல. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், மீதிப் பேரை மழைக்கோட்டு மறைத்துவிடும். படகுத்துறைகளின் நேரப்பலகைகளை ஓட்டும் எங்கள் சிறிய நிறுவனத்தில் நெடுநாளாக நிரல் எழுதுகிறாள். அப்படிப்பட்டவள் ஒரே மதியத்தில் மொத்த நிரலுக்கும் பொறுப்பாளி ஆனாள்.

காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. விண்டோஸ் கணினி ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு மறைகுறிகளை வைக்கும். படகுத்துறையில் பலகையை இயக்கும் லினக்ஸ் பெட்டிக்கு ஒன்றுதான் ஆகும். எங்களில் சிலர் வேலை செய்வது விண்டோஸில், சிலர் லினக்ஸில். ஒரு சொல்லைத் திருத்திச் சேமித்தால் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும். மே மாதம் அப்படியொரு கோப்பு துறைக்குப் போய், காலை முழுக்கப் பலகைகள் கறுப்பாக நின்றன.

இனி எல்லோருக்கும் ஒற்றைக் குறிதான் என்று பொது நிரலில் ஒரு விதிக் கோப்பை வைத்து, பழைய கோப்புகள் அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்றாள் தோருன். ஆனால் யாருடைய வேலையும் பாதியில் நிற்காத நாள் வேண்டும். நார்வேயில் அது ஜூலை விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மட்டுமே.

சிக்கல் எங்கள் வழக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாக மாற்றியவர் பெயரைக் கணினி காட்டும். ஒரு வரி தகராறு செய்தால் அதைக் கடைசியாகத் தொட்டவரைத்தான் கூப்பிடுவோம், விடுமுறையானாலும்.

"எல்லா வரியையும் நீ தொட்டா எல்லாம் உன் தலையிலதான்," என்றான் குழுத் தலைவன் ஸ்வெர்ரே, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பிரித்தபடி. "மலைக்குடிலுக்குப் போறேன்னியே?"

"போறேன். வருஷம் பூரா அதுக்காகத்தான் இங்க உக்காந்திருக்கேன். அந்த ஒரு மாற்றத்தைக் கணக்குல எடுக்காதேன்னு அவங்கவங்க கணினியில ஒரு வரி போட்டா, முன்னாடி எழுதினவங்க பேரே தெரியும்."

"எழுதி அனுப்பு, போட்டுடறேன்."

"காபி மெஷினைக் கழுவறேன்னும் சொன்ன."

"அதுவும் மனசுல இருக்கு தாயே."

வெள்ளி மதியம் மாற்றத்தைச் சேர்த்தாள், குறிப்பை அனுப்பினாள், கிளம்பிவிட்டாள். ஒழுங்குக்குப் பேர்போன இந்த நாட்டில் விடுமுறைக்கு முந்தைய மின்னஞ்சலை எவரும் படிப்பதில்லை.

மறுவாரம் அலுவலகத்தில் காவலுக்கு இருந்தது ஸ்வெர்ரேயும் நானும்தான். பலகை ஒன்று தப்பு நேரம் காட்டவே, ஸ்வெர்ரே அவளைக் கூப்பிட்டான். தோருனின் குடிலில் மின்சாரம் கிடையாது. போன் மட்டும் கணீரென்று கேட்கும்.

"மன்னிச்சுக்கோ. ஞாயித்துக்கிழமைப் படகு செவ்வாய்க்கிழமையும் காட்டுது. வரி உன் பேர்ல இருக்கு."

"எல்லா வரியும் என் பேர்லதான் இருக்கு. நான் அனுப்பினதைப் போட்டியா?"

"போடணும்னுதான் இருந்தேன்."

"இப்பப் போடு. நான் காத்திருக்கேன்."

அந்தப் பக்கம் ஆட்டு மணிச் சத்தம். ஸ்வெர்ரே தட்டச்சு செய்தான், திரையைப் பார்த்தான். காது சிவந்தது.

"யார் பேரு வருது?"

"நெட் கொஞ்சம் மெதுவா இருக்கு."

"நான் எங்கயும் போகல."

"என் பேரு."

"நல்லதாப் போச்சு. ஆளு பக்கத்துலயே இருக்கான்," என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை அவளுடைய குறிப்பை ஸ்வெர்ரே தன் பெயரில் மறுபடி எல்லோருக்கும் அனுப்பினான். தலைவன் அனுப்பியது என்பதால் இம்முறை படித்தார்கள். ஆகஸ்டில் வெயிலில் கறுத்துத் திரும்பினாள் தோருன். அந்த ஒரு அழைப்புக்குப் பிறகு குடிலில் போன் அடிக்கவே இல்லையாம்.