பேர் கேட்கக் கூடாத பச்சிலை

கடைக் கண்ணாடி முன்னால் சட்டையை மேலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி, "பாய், கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கே" என்றார். டியூப் லைட் வெளிச்சம் என்று சொல்லிச் சட்டையை மடித்துக் கொடுத்தேன். கடலூரில் சின்ன ரெடிமேட் கடை வைத்திருக்கும் எனக்கு அன்று வியாபாரம்தான் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் சிறுநீர் பால் கலக்காத கட்டங்காப்பி நிறத்தில் போனது. லேபில் பார்த்ததில் பிலிருபின் (கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமி) கூடியிருந்தது. மஞ்சள் காமாலை என்றால் எங்கள் வீட்டில் யாரும் முதலில் டாக்டரிடம் போவதில்லை. என் மனைவி ஜெரினாவின் தம்பி அன்சாரி, சிதம்பரம் பக்கத்தில் பச்சிலை கொடுக்கும் ஒருவரிடம் என்னை பைக்கில் கூட்டிப்போனான்.

அரைத்த உருண்டையை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் மூன்று நாள் காலையில் குடிக்கச் சொன்னார் அவர். உப்பு, எண்ணெய் கூடாது. என்ன இலை என்று கேட்கக் கூடாது, குடித்ததை வெளியே சொல்லவும் கூடாது. சொன்னால் பலிக்காதாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் நன்றாகப் பசித்தது. புத்தி போன போக்கைப் பாருங்கள்: மூன்று நாளில் இவ்வளவு என்றால் மூன்று வாரத்தில் எவ்வளவு தேறலாம் என்று கணக்குப் போட்டேன். அன்சாரி வேறு யாருக்கோ என்று சொல்லி மேலும் மேலும் உருண்டை வாங்கி வந்தான். நடுவில் உடம்பு வலிக்கு மாத்திரையும் போட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் அரிப்பு, சோற்றைக் கண்டாலே குமட்டல்.

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஹெபடைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) வைரஸ் எதுவும் ரத்தத்தில் இல்லை. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று டாக்டர் அம்மா தினமும் கேட்டார். தினமும் இல்லை என்றேன். அது பொய்யாகவே எனக்குப் படவில்லை. சொல்லிவிட்டால் உள்ளே போன மருந்தும் வீணாகிவிடும் என்ற பயம்தான் இருந்தது.

கல்லீரல் கெட்டால் ரத்தம் சீக்கிரம் உறையாதாம்; எனக்கு அது உறைய எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. இன்னும் நீண்டால் சென்னைக்குக் கொண்டுபோய் மாற்றுக் கல்லீரலுக்குப் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஜெரினாவிடம் சொன்னார்கள். அவள் நேரே வீட்டுக்குப் போய், பிரிட்ஜில் மிச்சமிருந்த உருண்டையை டப்பாவோடு கொண்டுவந்து டாக்டர் முன்னால் வைத்தாள்.

"இதத்தான் இருவது நாளா குடிச்சாரு டாக்டர். வாசத்துல கீழாநெல்லி தெரியுது. கூட என்னா இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. நடுவுல வலி மாத்திரையும் போட்டாரு."

எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம் வந்தது.

டாக்டர் திட்டவில்லை. "வெறும் கீழாநெல்லின்னாகூட அளவு தெரியணும். இது என்ன இலை, எவ்ளோன்னே தெரியல. மேல வலி மாத்திரை வேற. எது பண்ணுச்சுன்னு என்னால சொல்ல முடியாது. எல்லாத்தையும் நிறுத்திட்டுப் பாப்போம்" என்றார்.

நிறுத்தினோம். சில நாளில் ரத்தப் பரிசோதனை எண்கள் இறங்கத் தொடங்கின. நிறுத்தியதால் இறங்கியதா, வியாதியே தானாக அடங்கியதா? நான்காம் நாள் வந்த பசி எங்கிருந்து வந்தது? டாக்டருக்கும் தெரியவில்லை.

இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டு மிக்ஸியிலும் ஏதோ ஓர் இலை அரைபடலாம். குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் முதலில் டாக்டரிடம் போய் என்ன காமாலை என்று தெரிந்துகொள்ளுங்கள். இலையின் பேரை அவரிடம் சொல்லி, அவர் சரி என்றால் மட்டும் குடியுங்கள். குடிக்கும் நாட்களை நீட்டாதீர்கள், இடையில் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லீரல் எந்தப் பக்கம் என்றுகூட முன்பு எனக்குத் தெரியாது. இப்போது கை தானாக வலது விலாவுக்குக் கீழே போய் நிற்கிறது. வலி ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன். அடுத்த முடிவு என்னவாக இருக்குமோ என்ற நினைப்பில், இடைப்பட்ட நாட்களில் திங்கள் எது, வெள்ளி எது என்றே பிடிபடுவதில்லை.

போன வாரம் அன்சாரி கடைக்கு வந்தான். "நான் வாங்கியாந்தது ஒங்களக் கெடுத்துச்சா, காப்பாத்துச்சா மச்சான்?" என்று கேட்டான்.

"தெரியலடா" என்றேன். இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அவன் அழுதுவிட்டான்.