சிவப்பு மட்டும் கீழே விழுகிறது

"பெரியப்பாவ எழுப்பப் போறேன், ஃபேன நிறுத்திக்கறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே தெய்வசிகாமணி மாடியிலிருந்து இறங்கி வருவார். என் பதிலுக்கெல்லாம் காத்திருக்க மாட்டார். அவருடைய பழைய கம்ப்யூட்டர் கிளம்பும்போது வீட்டில் வேறெதுவும் கரண்டை இழுக்கக் கூடாதாம். எங்கள் சாரம் பேட்டை வெயிலில் கீழ் போர்ஷன்காரன் நான் வெந்து தொலையலாம், பெரியப்பா எழுந்தாக வேண்டும்.

தளங்களுக்குச் சட்டை தைப்பது அவர் தொழில். அவர் அதைத் 'தீம்' என்பார். இன்டர்நெட்டில் ஒரு தளத்தைத் திறந்தால் எழுத்து எங்கே நிற்க வேண்டும், படம் எங்கே உட்கார வேண்டும், என்ன நிறம் என்பதையெல்லாம் வெட்டித் தைப்பது. தைப்பது சுலபம். அதை எல்லா பிரவுசருக்கும் போட்டுப் பார்ப்பதில்தான் உயிர் போகிறது. தளத்தைத் திறந்து காட்டும் இந்த பிரவுசர்கள் வீட்டுக்கு ஒன்றாக இருக்கின்றன, ஒன்று காட்டுவதுபோல் இன்னொன்று காட்டுவதில்லை.

"எல்லாம் நம்ம சொந்தக்காரங்கதான் சார். ஃபயர்ஃபாக்ஸ் மச்சான் மாதிரி, சொன்ன எடத்துல ஒக்காருவாரு. ஓப்பரா ஒண்ணுவிட்ட சித்தி. யாரும் பத்திரிகை வெக்க மாட்டாங்க, ஆனா வந்தா ஒரு கொறையும் சொல்லாம சாப்ட்டுட்டுப் போயிடுவாங்க. இந்த எக்ஸ்ப்ளோரர் ஆறு இருக்கு பாருங்க, அதான் பெரியப்பா. பந்தியில தனக்குன்னு ஒரு முழம் கூடவே எடம் புடிப்பாரு. கடேசி ஆளு எலைய வுட்டுக் கீழ வுழுவான்."

ஆனாலும் பெரியப்பா முன்னால் உட்காரும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார். கோபம் வந்தால் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இட்லி சாப்பிடுவார்.

அவர் அம்மா பாக்கியலட்சுமிக்கு இந்தத் தொழில் கடைசிவரை பிடிபடவில்லை. "எம் புள்ள கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கிறான்" என்று கோயிலில் சொல்லிவைக்க, பின்தெருக்காரர் ஒருவர் தன் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டுவிட்டார். இந்த மனிதரும் போய், நின்று பார்த்து, "பச்சை கொஞ்சம் ஓவரா இருக்கு சார்" என்று யோசனை சொல்லிவிட்டு வந்தார்.

சென்னை வேலையை உதறிவிட்டு வந்த மகனுக்கு அந்த அம்மா ஒரு கெடு வைத்திருந்தார். 2007 ஜூலைக்குள் ஒரு தளமாவது உருப்படியாக முடிய வேண்டும். இல்லாவிட்டால் தவளக்குப்பத்தில் தாய்மாமன் அரிகிருஷ்ணனின் உரக்கடைக் கல்லாவில் உட்கார வேண்டும். தெய்வசிகாமணிக்கு உரமூட்டை பக்கத்தில் போனாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். பாவம், மனிதர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்.

அப்போது கிடைத்த வேலைதான் சொல்தா சங்கத்துத் தளம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சங்கத் தலைவர் தேவதாஸ், இன்னமும் தெருவில் லெப்ட் ரைட் போட்டு நடக்கிறவர். ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாளன்று தளத்தைத் திறந்து வைக்க ஆசைப்பட்டார்.

"பக்கமே கொடியா நிக்கணும் தம்பி. ப்ளே, பிளான், ரூஜ்" என்றார்.

நீலப் பட்டையில் சங்க வரலாறு, வெள்ளையில் செய்தி, சிவப்பில் பென்ஷன் விவரம். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். மச்சானிடம் ஜம்மென்று நின்றது. தேவதாஸ் பூரித்துப்போய் அன்றைக்கே உறுப்பினர்களுக்கெல்லாம் விலாசத்தைக் கொடுத்துவிட்டார். பெரியப்பாவிடம் காட்டுவதற்குள் கொடுத்துவிட்டார் என்பதுதான் வினை.

பெரியப்பா மூன்று பங்கு போடும்போது ஒவ்வொரு பங்கையும் துளி கூட்டித்தான் போடுவார். கடைசிப் பட்டைக்கு ஒரு நூல் இடம் போதாது. சிவப்பு தொப்பென்று நீலத்துக்கு அடியில் போய் விழும். சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் பெரியப்பாதான்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தவர் செல்வாம்பாள், பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தாவின் மனைவி. "தம்பி, பக்கத்துல பென்ஷன் இருந்துச்சாமே, காணமே? நிறுத்திட்டாங்களா?"

மதியத்துக்குள் பாரீஸில் பென்ஷனை நிறுத்திவிட்டார்கள் என்று ஊரே பேசியது. எங்கள் வாசலில் சொல்தாக்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் மெடலெல்லாம் குத்திக்கொண்டு வந்திருந்தார். தெய்வசிகாமணி மாடிப்படியில் நின்று, "நிறுத்தல சார், பென்ஷன் கீழ எறங்கியிருக்கு, அவ்ளோதான்!" என்று கத்தினார். ஐயோ, வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

"எறக்கிட்டானுங்களா? எவன் எறக்குனான்?" என்று மெடல்காரர் படியேறப் பார்த்தார்.

எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப்போய், விழுந்து கிடந்த சிவப்பைக் காட்டிச் சமாதானம் செய்யச் சாயங்காலமாகிவிட்டது. தேவதாஸ் மட்டும் சமாதானமாகவில்லை. "பென்ஷன் கதய வுடு. கொடியில ரூஜ் வுழுந்து கெடக்குது. பதினாலாம் தேதி இப்படி வுழுந்துச்சுன்னா சங்கத்துப் பக்கமே நீ வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு லெப்ட் ரைட்டில் இறங்கிப் போனார். விஷயம் தவளக்குப்பம் வரை போயிருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் புது ஸ்டூல் போட்டாகிவிட்டது என்று மாமன் போனில் சொன்னார்.

"பேசாமல் எல்லார் வீட்டிலும் ஃபயர்ஃபாக்ஸைப் போட்டுவிடுங்களேன்" என்றேன் நான்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "மச்சான் ஒழுங்கா சாப்புடறாருன்னு பெரியப்பாவ மண்டபத்த வுட்டுத் தொரத்த முடியுமா சார்?"

அப்புறம் திரையோடு மல்லுக்கட்டி, சிவப்புப் பட்டையின் அகலத்தில் ஒரு நூலைக் கிள்ளி எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத நூல். பெரியப்பா சமாதானமாகி மூவரையும் ஒரே பந்தியில் உட்காரவிட்டார்.

பதினாலாம் தேதி காலை சங்கக் கூடத்தில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர் முழுக்கக் கொடி விரிந்தது. கூடத்துக் கம்ப்யூட்டரிலும் பெரியப்பாதான். நீலம், வெள்ளை, சிவப்பு, மூன்றும் நிமிர்ந்து நின்றன. சொல்தாக்கள் எழுந்து நின்றார்கள், தேவதாஸ் சல்யூட் வைத்தார். அதே கம்ப்யூட்டரில் பிரெஞ்சு தேசிய கீதம் தொடங்கியது. பின்வரிசையில் நான், பாக்கியலட்சுமி அம்மா, எங்களுக்கு நடுவில் மூச்சுவிடாமல் தெய்வசிகாமணி.

சத்தம் போதவில்லை என்று செயலாளர் இராமதாஸ் மவுஸைத் தொட்டார். எதை அமுக்கினாரோ, பிரவுசர் ஜன்னல் பாதியாகச் சுருங்கியது. இடம் சுருங்கினால் பெரியப்பா மறுபடியும் பங்கு போட ஆரம்பித்துவிடுவார். சிவப்பு விழுந்தது.

கூடத்தில் ஒரு பெருமூச்சு. "போச்சு, போச்சு" என்றார் அம்மா.

தெய்வசிகாமணி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். இராமதாஸிடமிருந்து மவுஸைப் பிடுங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஜன்னல் விரிந்தது, சிவப்பு தன் இடத்துக்கு ஏறியது. இராமதாஸ் மறுபடி கையை நீட்டினார். இவர் குனிந்தார், கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து மவுஸ் ஒயரையே உருவி எடுத்துக்கொண்டு, அங்கேயே விறைப்பாக நின்றுவிட்டார். இனி யார் நினைத்தாலும் கொடி அசையாது.

பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். தேவதாஸ் கையை இறக்கவில்லை. சுவரைப் பார்த்து வைத்திருந்த சல்யூட்டோடு அப்படியே தெய்வசிகாமணி பக்கம் திரும்பினார்.

"கடையில அந்த ஸ்டூல எடுத்து உள்ள போடச் சொல்லணும் எங்க அண்ணன" என்று பாக்கியலட்சுமி அம்மா என் காதில் சொன்னார்.

தெய்வசிகாமணி குதிகாலைச் சேர்த்து, மவுஸைப் பிடித்த கையை அப்படியே நெற்றிக்குத் தூக்கினார். ஒயர் மூக்கின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.